ஞாயிறு நாலு மணி கார்

அத்தியாயம் 9

சில்வர் ஓக் அவென்யூவில் ஒரு சில்வர் ஓக் மரம்கூடக் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு மனைகள் இருந்தன. பதினோரு குறுக்குத் தெருக்கள், தெருவுக்கு ஒரு பெயர்ப்பலகை, நாற்பது அடி அகலத்தில் வழவழவென்று சிமெண்ட் சாலை, எரியாத விளக்குக் கம்பங்கள் எல்லாம் இருந்தன. வீடுகள் மட்டும் நான்கே நான்கு. அவையும் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்களைப் போல மூலைக்கொன்றாக நின்றன.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் இந்த இடம். சனிக்கிழமை காலை பத்தரை மணி வெயிலில், ஆறாவது குறுக்குத் தெரு முனையில், தனியார் துப்பறியும் வேலை பார்க்கும் எழிலரசி ஸ்கூட்டரை நிறுத்தினாள். பின்னாலிருந்து அவளுடைய உதவியாளன் ரூபஸ் இறங்கி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தான்.

"பதினாறு வருசம் கால் டாக்சி ஓட்டுனவன் மேடம் நானு. என்னைப் பின்னால குந்த வச்சி இட்டுகினு வர்றீங்க. ஆவடி ஆளுங்க பாத்தா மானம் பூடும்."

"ஹெல்மெட் போட்டிருக்கீங்களே அண்ணா. யாருக்கும் தெரியாது."

"என் தொப்பைக்கு ஹெல்மெட் இல்லியே."

அவர்கள் எதிரே நசுங்கிக் கிடந்தது ஒரு மின்சாரப் பெட்டி. நான்கு வீட்டுக்கும் இங்கிருந்துதான் கரண்ட். போன ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு யாரோ ஒருவர் இந்த முனையில் காரைச் சுழற்றி விளையாடி, கட்டுப்பாடு போய், பெட்டியில் மோதிவிட்டு ஓடிவிட்டார். இரண்டு நாள் நான்கு வீடும் இருட்டு. பழி ஒரே மூச்சில் ஜெர்வின் தலையில் விழுந்தது.

ஜெர்வின் அம்பத்தூர்ப் பையன். இருபத்து மூன்று வயது. அவன் ஓட்டுவது டிரிஃப்ட். அதாவது, காரின் மூக்கு ஒரு பக்கம் பார்க்க, கார் இன்னொரு பக்கம் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். சக்கரம் பிடி விட்டாலும் ஓட்டுகிறவன் பிடி விடக்கூடாது. ஆளில்லாத சாலைகள் சும்மா கிடக்கின்றனவே என்று மனை விற்கும் கம்பெனிக்காரர்களே அவனுக்கு ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை அனுமதி கொடுத்திருந்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. அவன் கார் புகை கக்கிச் சுழலும் வீடியோவைப் போட்டு, கீழே 'நாற்பது அடி சாலை, நம்பி வாங்கலாம்' என்று விளம்பரம் செய்துகொண்டார்கள். ஒரு மனையும் விற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அவனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு போட்டி அணியில் இடம் கிடைத்திருக்கிறது. தன் மேல் எந்த போலீஸ் வழக்கும் இல்லை என்ற சான்றிதழை வாங்கி, வரும் வாரம் கொடுத்தாக வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அதில் புகார்க் கடிதத்தில் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை அது ஸ்டேஷனுக்குப் போகும். பிறகு கோயம்புத்தூரும் இல்லை, காரும் இல்லை.

இந்த வேலையை எழிலரசியிடம் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி. வியாழக்கிழமை, குமணன்சாவடியில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவளுடைய ஒற்றை அறை அலுவலகத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். எதிரில் இருப்பவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வது அவள் பழக்கம். நோட்டில் மூன்று பத்திகள்: கண்டது, கேட்டது, நினைத்தது. மூன்றாவது பத்தியில் பாதிக்கு மேல் அடித்தல் திருத்தல்தான். போன மாதம் ஒரு மாப்பிள்ளை விசாரணையில் நான்கு நாள் வேறு ஆளைப் பின்தொடர்ந்தவள் அவள். அன்றிலிருந்து தன் நினைப்பை அவளே நம்புவதில்லை.

சாலையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தூரத்தில் நடு வட்டத்தில் ஜெர்வின் விட்டுப்போன தடங்கள் தெரிந்தன. அகலமாக, மங்கிய கறுப்பாக, வாரத்தின் மேல் வாரம் படிந்த தடங்கள். இங்கே இருப்பது அப்படி இல்லை. மெல்லிய கோடு. வெயிலில் பளபளத்தது. வண்டிச் சாவியால் சுரண்டினாள். சாவி முனையில் நீலமாக எதுவோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, டயர் நீலமா இருக்குமா?"

"இருக்கும். டயருக்கு மஞ்சக்காமாலை வந்து முத்திப் போனா."

மின்பெட்டியின் அடியில், நெருஞ்சிச் செடிக்குள் இன்னொன்று அகப்பட்டது. கட்டைவிரல் நீளத்துக்கு உடைந்த நீல பிளாஸ்டிக். ஒரு ஓரத்தில் இரண்டு வரம்புகள் அடுத்தடுத்து ஓடின. எழிலரசி அதைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வாசல் காவலாளி வேம்புலி குடையோடு வந்து நின்றார்.

"அந்தப் புள்ள அஞ்சுக்கே பூட்டாம்மா. நாந்தான் கேட்டச் சாத்துனேன். போறச்சொல்ல எனக்கு ரெண்டு போண்டா குட்த்துட்டுப் போனான். அத்த வச்சே என் சாட்சி செல்லாதுன்னிட்டாங்க சங்கத்துத் தலைவரம்மா."

"போண்டா சூடா இருந்துச்சா நைனா?" என்றான் ரூபஸ்.

"சூடாத்தான் இருந்துச்சி. ஏன்?"

"சும்மா. பசி."

எழிலரசி குறுக்கிட்டாள். "அஞ்சரைக்குச் சத்தம் கேட்டப்போ என்ன வாசனை வந்துது? டயர் கருகின மாதிரியா?"

வேம்புலி யோசித்தார். "டயர் வாசன எனக்குத் தெரியாதா? வாராவாரம் மோந்துகினு கீறேன். இது வேற. குப்பக் கவர கொளுத்துனா வருமே, அந்த நாத்தம்."

"வெளியிலிருந்து வண்டி எதுவும் உள்ளே வந்துதா?"

"கேட்டு வழியா வர்ல. பின்னால ஏரிக்கரப் பக்கம் ஒரு வழி கீது. அந்தப் புள்ள அப்டி வந்துட்டான்னு தலைவரம்மா சொல்லுது."

எல்லாவற்றையும் இரண்டாவது பத்தியில் எழுதினாள்.

ஏழாவது குறுக்குத் தெருவில், மனை எண் தொண்ணூற்றேழில், தட்சிணாமூர்த்தி கதவைத் தட்டும் முன்பே திறந்தார். நாற்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே. மனைவிக்கு பெங்களூரில் உத்தியோகம், மகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வருவார்கள், வராமலும் போவார்கள். கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்," என்றார் கேட்காமலேயே.

மாடி பால்கனிக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் நடு வட்டம் அப்படியே கண்ணில் விழுந்தது. எழிலரசி முதல் பத்தியில் எழுதினாள்: ஒரு நாற்காலி. ஒரு பிளாஸ்க். வாடிய மணி பிளாண்ட். வேறொன்றும் இல்லை.

"அந்தப் பையன் பண்ணலைன்னு நிரூபிச்சிடலாம் இல்லையா மேடம்?"

"பார்க்கிறேன் சார்."

"அஞ்சு மணிக்குள்ள," என்றார். தண்ணீர் டம்ளரை வாங்கும்போது அவர் அவசரப்படுவதாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதானே என்று அதை எழுதாமல் விட்டாள்.

* * *

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஜெர்வினின் கார் போர்வைக்கடியில் நோயாளி மாதிரி படுத்திருந்தது. வாரம் முழுக்க லேத் பட்டறையில் கடைசல் வேலை, ஞாயிறு காலை சர்ச், மாலை டிரிஃப்ட். அதுதான் அவன் வாழ்க்கை. இந்த வாரம் மூன்றாவது இல்லை.

"நான் இடிக்கல அக்கா. இடிச்சிருந்தா நின்னு சொல்லியிருப்பேன். வண்டிய வேணா பாருங்க."

போர்வையை விலக்கினான். பழைய மாடல் கார். முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை.

"புது பம்பர் மாத்திட்டேன்னு சொல்றாங்க. எனக்கு டயர் மாத்தவே வக்கில்ல. மெக்கானிக் கடையில தூக்கிப் போடுற டயருதான் பின்னாடி மாட்டுறேன்."

"பின்னாடி மட்டுமா? ஏன்?" என்றாள் எழிலரசி.

ரூபஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது பின் சக்கரம் தள்ளுற வண்டி மேடம். மாட்டு வண்டியப் பின்னாலேந்து ஆள் தள்ற மாரி. பின்னாடி பிடி வுட்டாதான் சுத்தும். இப்ப வர்ற வீட்டுக் காருங்க முக்காவாசி முன் சக்கரம் இழுக்கற வண்டி. அதுங்க நாய்க்குட்டி மாரி, கயிறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் போவும். பின்னாடி சுத்தாது."

"சுத்த வைக்கவே முடியாதா?"

ரூபஸ் உதட்டைப் பிதுக்கினான். எழிலரசி பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து நீலத் துண்டை நீட்டினாள்.

ஜெர்வின் அதைக் கையில் வாங்கிப் புரட்டினான். முதல் தடவையாகச் சிரித்தான்.

"அக்கா, இது சாப்பாட்டுத் தட்டு!"

"என்னது?"

"முன் சக்கர வண்டி வச்சிருக்கறவங்க டிரிஃப்ட் ஆசைக்குப் பண்றது. பின் சக்கரம் ரெண்டுக்கும் அடியில பிளாஸ்டிக் தட்டு வச்சி ஏத்திடுவாங்க. ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டா பின் சக்கரம் சுத்தாது, தட்டு மேல நின்னுகினு வழுக்கும். முன் சக்கரம் இழுக்க இழுக்க வால் அப்டியே ஆடும். வெளிநாட்டு வீடியோல்லாம் கீது. நானே கார் வாங்கறதுக்கு முன்னாடி எங்க மாமா வண்டில பண்ணி ஒத வாங்கியிருக்கேன்."

"அப்போ ரப்பர் வாசனை..."

"வராதுக்கா. பிளாஸ்டிக் உருகற நாத்தந்தான் வரும்."

வேம்புலியின் மூக்கு சாட்சி சொல்லிவிட்டது. போண்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எப்படி மோதியிருக்கும்?"

"பயந்திருப்பாரு. பயந்தா கை ஹேண்ட்பிரேக்க விட்டுடும். விட்டா சக்கரம் உருண்டு தட்டுலேந்து எறங்கிடும். திடீர்னு பிடி கெடைக்கும். மூக்கு எந்தப் பக்கம் பாக்குதோ அங்க பாயும்." ஜெர்வின் துண்டைத் திருப்பிக் கொடுத்தான். "மொத தடவ பண்றவங்க செய்யற தப்பு அக்கா. யாரோ பாவம்."

"உன் பிழைப்பு போகுது, நீ அவனைப் பாவம்ங்கிறே."

"சொல்லிக் குடுக்க ஆள் இல்லாதவன்தான தட்டு வச்சி ஓட்டுவான்?"

கிளம்பும்போது அவன் தயங்கி நின்றான். "அக்கா, அங்க மேல பால்கனில ஒரு சார் நிப்பாரு. வாராவாரம். நான் தனியாத்தான் ஓட்டுவேன், கூட வர்றதுக்கு யாருமில்ல. ஒரு ஆள் பாக்கறாருன்னா கொஞ்சம் நல்லா ஓட்டத் தோணும். கை காட்டுவேன். உடனே உள்ள பூடுவாரு. அவருக்கு நான் ஓட்டறது தொந்தரவுன்னு நெனைக்கறேன். கேட்டா நான் சாரி சொன்னேன்னு சொல்லுங்க."

எழிலரசி இரண்டாவது பத்தியில் எழுதிக்கொண்டாள். எதற்கென்று தெரியாமலே எழுதினாள்.

* * *

"தட்ட வச்சி ஆளக் கண்டுபுடிக்கணும்," என்று ரூபஸ் ஸ்கூட்டரில் பின்னாலிருந்து அவள் காதில் கத்தினான். "மெட்ராஸ்ல நீலத் தட்டு எத்தினி லட்சம் கீதோ!"

"ஓரத்துல ரெண்டு வரம்பு இருக்கு அண்ணா."

"இன்னா?"

"ரெண்டு வரம்பு. சாதாரணத் தட்டுக்கு ஒண்ணுதானே இருக்கும்."

இரண்டு சிக்னல் தூரம் பின்னால் சத்தமே இல்லை. ரூபஸ் இவ்வளவு நேரம் பேசாமலிருந்தால் ஒன்று தூங்குகிறான், அல்லது சாப்பாட்டை நினைக்கிறான்.

"மேடம், வண்டிய குமணன்சாவடிக்கு வுடுங்க. ஜமீலாக்கா மெஸ்ஸு. பதினாறு வருசம் அங்கதான் துன்னேன். டிரைவருங்க தட்ட மடில வச்சிகினு வண்டிலயே துன்னுவோம். ரசம் வழிஞ்சி பேண்ட்டு நாறிடும்னு அந்தக்கா தனியா சொல்லி செய்ய வச்ச தட்டு அது. ரெட்ட வரம்பு."

மணி இரண்டேமுக்கால். மெஸ்ஸில் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஜமீலா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ரூபஸைப் பார்த்ததும் துணியை வீசினாள்.

"யாரு, ரூபஸா? உசுரோடதான் கீறியா?"

"பாதி உசுரு. ஒரு சோறு போட்டீன்னா மீதியும் வந்துடும்."

எழிலரசி நீலத் துண்டை மேசைமேல் வைத்தாள். ஜமீலா குனிந்து பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வரம்பும் வரம்பும் ஒன்றாக இருந்தன.

"எங்க தட்டுதான். யாரு ஒடச்சது?"

"உங்ககிட்டே தட்டு ஏதாவது காணாமல் போச்சா அக்கா?"

"காணாம எப்டிப் போவும்? கழுவி அடுக்கறது நானு." ஜமீலா நெற்றியைச் சுருக்கினாள். "நான் குடுத்தது ரெண்டு. போன வாரம், சனிக்கிழம. தெனமும் ராத்திரிக்கு ஒரு பார்சல் வாங்கறவரு. பால்கனில குருவிக்குத் தண்ணி வைக்கணும், பழைய தட்டு ரெண்டு கெடைக்குமான்னாரு. இந்தக் காலத்துல குருவிய நெனைக்கறாரேன்னு நல்லதா ரெண்டு பாத்துக் குடுத்தேன்."

"யாருக்கா அவர்?"

"பேர்லாம் கேக்கல. அந்தப் பக்கம் புதுசா லேஅவுட் போட்ருக்காங்கல்ல, ஊடே இல்லாத லேஅவுட்டு. அதுல கீறாரு. பேசவே மாட்டாரு. ஒரு பார்சல்னு வெரலக் காட்டுவாரு." ஜமீலா மறுபடி துணியை எடுத்தாள். "ஞாயித்துக்கெயம மட்டும் ரெண்டு டீ. பிளாஸ்க்ல ஊத்திக் குடுப்பேன். யாரோ விருந்தாளி வருவாங்க போல. நல்லதுதான், தனியா ஒரு மனுசன் எத்தினி நாளு..."

எழிலரசி நோட்டைப் புரட்டினாள். முதல் பத்தி. ஒரு நாற்காலி. ஒரு பிளாஸ்க். வாடிய மணி பிளாண்ட். வேறொன்றும் இல்லை. அதற்கு மேலே: கார் நிற்கும் இடம் காலி. இன்னும் மேலே, வியாழக்கிழமையின் பக்கத்தில், இரண்டாவது பத்தியில், தட்சிணாமூர்த்தி சொன்னது சொன்னபடியே கிடந்தது.

'யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிக்க வேணாம் மேடம். அந்தப் பையன் பண்ணலைன்னு மட்டும் நிரூபிச்சா போதும்.'

மூன்று நாளாக அந்த வரி கண்ணெதிரே இருந்திருக்கிறது. நல்ல மனுஷன் என்று நினைத்து மேலே போய்விட்டாள்.

ரூபஸ் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தான். வாயில் போட்ட அப்பளம் நின்றது.

"நம்மள வேலைக்கு வச்ச ஆளே..."

"ஆமா."

"அப்ப குருவி?"

"பால்கனியில் தண்ணித் தட்டு இல்லை."

"குருவிதான் கார ஓட்டிகினு பூட்ச்சி," என்றான் ரூபஸ். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

* * *

நான்கு மணிக்கு தட்சிணாமூர்த்தி கதவைத் திறந்தார். தவறாக இருந்துவிட்டால் என்ற பயம் கடைசி நொடி வரை எழிலரசியை விடவில்லை. நீலத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

"எல்லாத் துண்டையும் பொறுக்கிட்டேன்னு நினைச்சேன்," என்றார்.

பால்கனியில் ஒரே நாற்காலி என்பதால் மூவரும் நின்றார்கள்.

"ரெண்டு வருஷமா பாக்கறேன் மேடம். நாள் எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும் இங்கே. அந்தக் கார்ச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமைன்னே தெரியும். காரை அப்படியே கைவிட்டுட்டான்னு தோணும், ஆனா கடைசி நிமிஷத்துல பிடிச்சிடுவான். ஒவ்வொரு வாரமும் ரெண்டு டீ வாங்கிட்டு வருவேன். இன்னிக்கு எறங்கிப் போய் அவன் கையில ஒண்ணு கொடுத்துடணும்னு. அவன் கை காட்டுவான். எனக்குக் கூச்சமாயிடும். உள்ள வந்துடுவேன். அஞ்சு மணிக்கு அவன் போயிடுவான். ரெண்டையும் நானே குடிச்சிடுவேன்."

ரூபஸ் மணி பிளாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய் என்ன பேசறது? எனக்கு டிரிஃப்ட்டைப் பத்தி என்ன தெரியும்? ஒரே ஒரு தடவை நானும் பண்ணிப் பாத்துட்டா, அடுத்த வாரம் பேச ஒரு விஷயம் இருக்குமேன்னு..." அவர் நிறுத்தினார். "மோதினதும் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்து உள்ள விட்டுட்டேன். சங்கத் தலைவி மதிவதனி மேடம் ஓடி வந்து, அந்தப் பையன்தான், வேற யாருன்னாங்க. நான் ஒரு நிமிஷம் வாயைத் திறக்கலை. ஒரே நிமிஷம். அது ஆறு நாளாயிடுச்சு."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார்."

"இந்த நாலு வீட்டுலதான் எனக்கு ஒரு பதவி இருக்கு மேடம். செயலாளர். அதனாலதான் அவங்க என் வீட்டுக் கதவைத் தட்டறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கேட்டது அவன் பண்ணலைங்கறது மட்டும்தானே? முன் சக்கர வண்டி, தட்டு, எல்லாம் எழுதுங்க. ஓட்டினவர் அடையாளம் தெரியலைன்னு முடிச்சிடுங்க. பொய் இல்லையே, போலீஸுக்குத் தெரியாதுதானே?"

எழிலரசி தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவர் கேட்டபடி முடித்தால் ஜெர்வின் மேல் சந்தேகம் போகாது. தட்டு வைத்ததும் அவன்தான் என்பார்கள். பெயரை எழுதிக் கொடுத்தால் வேலை கொடுத்தவரையே காட்டிக்கொடுத்ததாகும். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"நீங்கதான் செயலாளர். கூட்டத்துல நீங்கதான் படிக்கணும்."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

* * *

வாசல் வளைவுக்கடியில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். சங்கத் தலைவி மதிவதனி, வங்கி அதிகாரி, புகார்க் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வீட்டுக் கணவன் மனைவி பக்கத்தில். நான்காம் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவருடைய முகம் தெரியும் போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜெர்வின் பஸ்ஸில் வந்து, கேட்டுக்கு வெளியே வேம்புலியோடு நின்றான்.

"சீக்கிரம் படிங்க சார்," என்றாள் மதிவதனி. "கையெழுத்துப் போட்டுட்டு நான் கிளம்பணும்."

தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று படித்தார். தடத்தின் நிறம். பிளாஸ்டிக் நாற்றம். பின் சக்கர வண்டி, முன் சக்கர வண்டி. ஜெர்வின் காருக்குத் தட்டு தேவையே இல்லை என்பது. மதிவதனியின் புருவம் மெல்ல மேலே போயிற்று. கடைசி வரிக்கு வந்தார்.

"மின்பெட்டியில் மோதிய காரை ஓட்டியவர்..."

அதற்குப் பிறகு காகிதத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எழிலரசி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

"ம், யாரு?" என்றாள் மதிவதனி.

அவர் 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால் எழுந்து பேசுவதா வேண்டாமா என்று எழிலரசி இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. நோட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"தட்சிணாமூர்த்தி," என்று படித்தார் அவர், யாரோ ஒருவருடைய பெயரைப் போல. "மனை எண் தொண்ணூற்றேழு."

நாற்காலியிலிருந்த போன் கரகரத்தது. "ஹலோ? கட்டாவுது. யாருன்னீங்க? மறுபடி சொல்லுங்க!"

முதல் தடவை சொல்வதற்கே ஆறு நாள் ஆகியிருந்தது. தட்சிணாமூர்த்தி காகிதத்தைக் கீழே இறக்கினார்.

"நான்தாங்க."

மதிவதனி மடியிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். "திங்கட்கிழமை ஈபி ஆபீசுக்கு நீங்களே போய் எழுதிக் கொடுங்க. ஸ்டேஷன் வேண்டாம்." எழுந்தவள் கேட்டுப் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன்னைப் பத்தி நான் பேசினது தப்பு," என்றாள். வேகமாகப் போய்விட்டாள்.

மற்றவர்களும் போனார்கள். போனைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு காலி நாற்காலிகளுக்கு நடுவில் தட்சிணாமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார். ஜெர்வின் உள்ளே வந்தான்.

"ஹேண்ட்பிரேக்க நடுவுல விட்டுட்டீங்களா சார்?"

"ஆமாம்பா."

"விடக்கூடாது சார். பயமா இருந்தாலும் புடிச்சிகினே இருக்கணும்."

தட்சிணாமூர்த்தி தலையசைத்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெர்வின் அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான். வேம்புலியின் குடைக்குப் பக்கத்தில் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். மேலயே நிக்காதீங்க."

* * *

எழிலரசி ஸ்கூட்டர் சாவியை ரூபஸிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஐயப்பன்தாங்கல் வரை அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். டெப்போ எதிரில், மாடியில் அவளுடைய அறை. ஜன்னலோரம் போட்டிருக்கும் நாற்காலி தெருவிலிருந்தே தெரிந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெயம. இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"துணி துவைப்பேன்."

"அப்பால?"

டெப்போ வாசலில் ஒரு பேருந்து பெரிதாக வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை எழிலரசி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு மணிக்குள்ள போற மாதிரி வண்டியை எடுத்துட்டு வாங்கண்ணா," என்றாள். "போற வழியில ஜமீலாக்கா கடையில நிறுத்தணும். டீ ரெண்டு பத்தாது."